மூடித் திறந்தால்

சார்ஜன்ட் அவெனியூ அடகுக் கடையில்
நூற்றுப் பத்து டொலருக்கு வாங்கியது.
மூடியில் ஒட்டியிருந்த ஹொக்கி ஸ்டிக்கரை
யாரோ பாதி உரித்துவிட்டு அலுத்திருந்தார்கள்.
"விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும்" என்றான் கடைக்காரன்.
"போடப் போவதில்லை" என்றேன்.
அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

வின்னிபெக்கில் அன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
பென் டிரைவில் லினக்ஸ்.
இருபத்திரண்டு நிமிடத்தில் உள்ளே போய்க் குந்திவிட்டது,
வாடகை கேட்காத விருந்தாளி.

வைஃபை இல்லை.
சிக்னல் குறைவு என்றால் பரவாயில்லை,
அப்படியொரு உறுப்போடு தான் பிறக்கவே இல்லை என்று
சத்தியம் பண்ணியது.

கவிழ்த்துப் போட்டேன். ஒன்பது திருகாணிகள்.
ஒன்று மட்டும் நீளம்; அதைத்
தேத்தண்ணிக் கோப்பையின் மூடியில் தனியே வைத்தேன்.
உள்ளே நகத்தளவு பச்சைச் சில்லு,
கறுப்பு வயர் ஒன்று, வெள்ளை வயர் ஒன்று,
இரண்டும் தோடு மாதிரி இறுகப் பூட்டியிருந்தன.
எல்லாம் இருந்தது. அந்தச் சில்லுக்குப்
பேச்சுச் சொல்லிக் கொடுக்கும் கோப்பு மட்டும் இல்லை.
கோப்பு இணையத்தில் இருக்கிறது.
இணையத்துக்குப் போகக் கோப்பு வேண்டும்.
பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம்,
கலியாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும்.

பக்கத்து அறை மயூரிகா
நித்திரைக் கண்ணோடு தன் போனைத் தந்தாள்.
வயரில் கொளுவி, அவளுடைய மாதக் கணக்கில்
முந்நூறு எம்பி திருடினேன்.
"திருடவில்லை, நான் தந்தது" என்றாள்,
"ஞாயிறு புட்டு நீ அவி."
ஒன்றே முக்காலுக்கு
நாலு வளைகோடு எழும்பி நின்றது.

அதற்குப் பிறகு நித்திரைப் பிரச்சினை.
மூடினால் உறங்கியது, திறந்தால் விழிக்கவில்லை.
காற்றாடி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருட்டு.
நித்திரை கொள்பவரை எழுப்பலாம்,
நடிப்பவரை எழுப்ப ஏலாது என்பார்கள்.
இது நடிக்கவில்லை. ஏழு தடவை
கழுத்தை நெரித்த மாதிரிப் பொத்தானை அழுத்தி
ஏழு தடவையும் முதலில் இருந்து.

கர்னலைத் தோண்டினேன்.
ஆழ்ந்த நித்திரை, அரை நித்திரை என
அதற்கு இரண்டு வகை தெரியும்.
இந்த உடம்புக்கு ஆழ்ந்தது ஒத்துவரவில்லை.
அரை நித்திரை என்று ஒரு சொல் எழுதி,
மூடி, பத்து எண்ணி, திறந்தேன்.
வெளிச்சம். என் முகத்தின் பின்னால் அலமாரி.
ஆனால் விடிவதற்குள் பற்றரியில் பாதி போய்விடும்.
சப்பாத்துப் போட்டபடி கட்டிலில் சாய்கிற எனக்கு
அந்தக் கணக்கை யாரும் விளக்கத் தேவையில்லை.

கைரேகை பார்க்கும் சதுரம் வேலை செய்யவில்லை.
அதற்கு இன்னும் யாரும் டிரைவர் எழுதவில்லையாம்.
எழுதினாலும் என்ன.
குளிரறையில் உருளைக்கிழங்கு தரம் பிரித்துப் பிரித்து
என் விரல் நுனிகள் வழுவழுத்துவிட்டன.
போன வைகாசி, விசா அலுவலகத்தில்
கண்ணாடியில் அழுத்தி அழுத்தி,
அந்தப் பெண் ஈரத் துணி தந்தாள்,
பிறகு கிரீம் தந்தாள்,
பிறகு, தன் பிழை போல, மன்னிப்புக் கேட்டாள்.
கடவுச்சொல்லை நீளமாக வைத்தேன்.

ஒவ்வொரு முறை தொடங்கும்போதும்
கறுப்பில் ஒரு வரி ஓடி மறையும்:
அடையாளம் தெரியாத சாதனம்.
அதை ஓடாமல் பண்ண ஒரு வழி இருக்கிறது.
பண்ணவில்லை.

போர்ட்டாஜ் போகிற வான் வாசலில் ஹோர்ன் அடிக்கிறது.
மூடினேன். குல்லா, இரண்டு கையுறை, சாப்பாட்டுப் பெட்டி.
கோப்பை மூடியில்
அந்த நீளத் திருகாணி அப்படியே கிடக்கிறது.
எந்த ஓட்டையில் இருந்ததென்று சத்தியமாக ஞாபகம் இல்லை.
அது இல்லாமலும் ஓடுகிறது.
கோட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.