ஒன்பதடிக்குப் பத்து

பார்சல் மேல் 'கைடு – பத்து' என்று எழுதியிருந்தது.
கூரியர்ப் பையன் கேட்டான்:
"பத்தாங் கிளாஸாக்கா? மகனுக்கா?"
எனக்குத்தான் என்றேன்.
நாற்பத்தோரு வயதில் என்ன பரீட்சை என்று
அவன் கேட்கவில்லை.
சமாதானபுரத்து வெயிலில் கண்ணைச் சுருக்கிக்
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

உள்ளே ஒன்பதுதான் இருந்தது.

ஒன்பதடித் தூண்டிலுக்குப் பத்து வளையம்.
அடிக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று கூட.
அவ்வளவுதான் கணக்கு என்பார்கள்.
எனக்கு ஏழு மாதம் ஆனது.

என் தொழில் பல்.
முருகன்குறிச்சி லேபில்
ஊரார் வாய்க்குக் கம்பி வளைக்கிறேன்.
கைப்பிடியை அடுத்த முதல் வளையம் பெரிது,
உள்ளே வெள்ளை வெளேரென்று சிர்கோனியா.
அதே பொருளில்தான் போன வாரம்
ஒரு துணைத் தாசில்தாரின் கடைவாய்க்குப் பல் செய்தேன்.
நூல் எத்தனை ஆயிரம் தரம் உரசினாலும் தேயாது.
தாசில்தார் பல்லுக்கு அந்த உறுதி தரமுடியாது,
அவர் முறுக்குப் பிரியர்.

மற்ற வளையங்களுக்குப் பீங்கான் வேண்டாம் என்று வைத்தேன்.
கனம்.
உள்ளங்கையில் ஒரு நெல் கனம்தான்.
நுனியில் ஏற்றினால் கம்பு
தூங்கி எழுந்துதான் நிமிரும்.
ஆகவே பாம்பு வளையம்:
வெறும் கம்பி, ஒரே நெளி, இரண்டு பாதம்.

தாசையாவுக்குப் பொன்னிறம் பிடித்திருந்தது.
"பாக்க லெச்சணமா இருக்குல்லா?"
தெளிந்த தண்ணீருக்கு மேல் மின்னுகிற எதையும்
கெண்டை நம்பாது என்றேன்.
"அப்போ நா எடுத்துத் தந்த கம்மலு?"
அந்த ஞாயிறு முழுக்க
கம்மலைப் பற்றியே பேசவேண்டியிருந்தது.

கறுப்புதான் வந்தது. ஒன்பது.

பத்தாவதை நானே வளைத்தேன்.
ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் மேல்தாடைக்கு
வெட்டியதில் மிஞ்சிய துண்டு.
மூன்று கோணி, நாலாவது நின்றது.
பாதத்தைத் தட்டி, அரத்தால் ராவினேன்,
மேலே நூல் சுற்றும்போது படி தட்டாதபடிக்கு.

பிறகு மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டிக் குழாயோடு கைப்பிடியைக் கட்டி,
பல்லுக்குப் போடும் குட்டி ரப்பர்களால்
பத்தையும் சும்மா மாட்டி,
நூலின் முனையில் வாசல்பூட்டைத் தொங்கவிட்டோம்.
கம்பு குனிந்தது.
நூல் அந்தக் குனிவோடு கூடவே போகவேண்டும்.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் போகவில்லை.
வண்ணார்பேட்டை ஷேர் ஆட்டோ மாதிரி
நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல்
குறுக்கே விட்டது.
ஆறை இரண்டு விரற்கடை இறக்கினேன்.
ஏழு கோபித்துக்கொண்டது.
ஏழை இறக்கினேன், எட்டு.
தாசையா வெள்ளைப் பென்சிலால் குறித்தார், அழித்தார்,
குறித்தார்.
ஆனிக்காற்று வேறு. கொடியில் கிடந்த லுங்கி
பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.
பூட்டு ஆடிக்கொண்டே இருந்தது, இருட்டும்வரை.
சாவி எங்கே என்பது
படியிறங்கும்போதுதான் நினைவு வந்தது.

முக்கூடல். விடியவில்லை இன்னும்.
முழங்கால் ஆழத்தில் நின்று வீசினேன்.
நூல் பின்னால் விரிந்தது, ஒரு மூச்சு காத்து
முன்னால் விரிந்தது.
ஒன்பது வளையம் வாய் திறக்கவில்லை.
ஏழாவது மட்டும் 'ஸ்ர்ர்' என்றது,
சூடான கல்லில் மாவு விழுந்த மாதிரி.

நான் வளைத்தது.
எங்கோ ஓர் ஓரத்தில் அரம் படவில்லை.
கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாது.
வாய்க்குள் போயிருந்தால்
நாக்கு அன்றைக்கே கண்டுபிடித்து
"குத்துது" என்று லேபுக்கு அனுப்பியிருக்கும்.

மீன் இல்லை.
எதிர்க்கரையில் ஒரு கொக்கு,
வளையமே இல்லாத கழுத்தை நீட்டி
ஒன்றைப் பிடித்து விழுங்கியது.

தாசையா பாறையில் உட்கார்ந்து
இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்.
"இன்னொருக்கா போடு,
அந்தச் சத்தம் கேக்க நல்லாருக்கு."

நூல் அறுபடுகிற சத்தம் அது.
நான் சொல்லவில்லை.
இன்னொருக்கா போட்டேன்.