தேய்மானம்

துப்பாக்கிக்குத் தோல் தைக்கிற வேலை எனக்கு.
சுடத் தெரியாது.
திரையில் சுட்டாலும் சுவரில்தான் படும்;
அதனாலோ என்னவோ
சுவர்களை நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

லியெபாயாவில் பிப்ரவரி.
கடற்காற்று ஜன்னல் இடுக்கில்
விரல் விட்டுப் பார்க்கிறது.
மேசையில் பாதி கடித்த கம்பு ரொட்டி.
இரண்டாம் திரையில் ஒரு ரைஃபிள்
உரித்துப் பிரித்த மீனாய்க் கிடக்கிறது,
பிடி ஒரு மூலையில், குழல் ஒரு மூலையில்.

ஆட்டத்துக்கு இருபத்து மூன்று வயது.
அதன் வரலாறு தெரிகிற மாதிரி ஒரு தோல் வேண்டும்,
பொன்னிறம் இருந்தால் நல்லது
என்றது மின்னஞ்சல்.
கோப்பைகளை வரைந்தேன், அழித்தேன்.
புகைக்குண்டை வரைந்தேன், அழித்தேன்.
வென்றவர்களின் கையெழுத்துகள்...
வென்றவர்கள் எழுதாத வரலாறு
ஒன்றாவது இருக்கட்டும் என்று
அதையும் அழித்தேன்.

பிறகு முதல் பதிப்பின் கோப்பைத் திறந்தேன்.
சந்தையோரத்துச் சுவர்.
எத்தனை பேர் அதன்மேல் சரிந்து செத்தார்கள்,
எத்தனை பேர் அதன் பின்னால் மூச்சடக்கி நின்றார்கள்,
பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய
செவ்வாய்க்கிழமைகளில்.
காரை, ஈரக்கறை,
வலது ஓரத்தில் ஏதோ எழுத்து.
பெரிதாக்கினால் நான்கு சாம்பல் கட்டங்கள்.
இன்னும் பெரிதாக்கினால்
நான்கு பெரிய சாம்பல் கட்டங்கள்.

அந்தப் படத்தை எடுத்த ரைடிஸ்
இப்போது டிராம் ஓட்டுகிறான்.
ஊருக்கே ஒரு வழித்தடம், தேட வேண்டியதில்லை.
ஓட்டுநரிடம் பேசாதீர் என்ற பலகைக்கு
நேர் கீழே நின்று கேட்டேன்.
"அதுவா, சலவைக்கூடத்துப் பின்சுவர்.
ஆட்டத்துக்குப் பாலைவனத்து ஊர் தேவைப்பட்டது.
எங்களிடம் இருந்தது லியெபாயா.
மஞ்சளை ஏற்றினேன்,
பாலைவனம் ஆகிவிட்டது."

அந்த எழுத்து?

அடுத்த நிறுத்தம் வரை பேச்சில்லை.
மணி அடித்தான், கதவு திறந்தான்,
ஒரு குழந்தை வண்டி இறங்கி முடியக் காத்திருந்தான்.
"சைக்கிள் சாய்க்காதே வெல்டா."
சொல்கிறவள் வெல்டாவா,
சொல்லப்படுகிறவள் வெல்டாவா
என்று கேட்பதற்குள் முனையம் வந்துவிட்டது.
அவனுக்கும் தெரியாதாம்.

வீட்டுக்கு வந்து அடுக்கடுக்காய்ப் பூசினேன்.
மேலே கேட்ட பொன்.
அதற்குக் கீழே ஒன்பதாம் வருடத்து நீலம்.
நீலத்துக்குக் கீழே
அரையிறுதியில் தோற்றுக் கலைந்துபோன அணிகளின் பெயர்கள்,
பொடிப்பொடியாய், மீன்முட்டை போல.
அடியில் அந்த மஞ்சள்.
மஞ்சளுக்கும் அடியில், கட்டைவிரல் அமருகிற இடத்தில்,
வெல்டாவின் வாக்கியம்,
அல்லது வெல்டாவுக்கான வாக்கியம்,
என் கையெழுத்தில்.

இங்கே எதுவும் புழங்கித் தேய்வதில்லை.
பெட்டி உடையும்போதே
தலையெழுத்து மாதிரி ஓர் எண்;
தேய்ந்தது தேய்ந்தே பிறக்கும்.
கீறல் இல்லாததற்குத்தான் விலை.
தோலிருக்கச் சுளை விழுங்கும் தரகர்கள்
பொன்னை வாங்கிப் பூட்டி வைப்பார்கள்.
அவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று
ஒருநாளும் தெரியப்போவதில்லை.
ஆக மோசமாய்ப் பிறந்தது
ரொட்டி விலைக்குப் போகும்.
தாலினிலோ போர்த்தோவிலோ
மதியச் சாப்பாட்டுக் காசில் அதை வாங்கிய பையன்
சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பான்,
தன் துப்பாக்கியில் மட்டும்
ஏதோ எழுதியிருக்கிறதே என்று.

சட்டப்பிரிவு கேட்டது:
வாசகத்தின் பொருள் என்ன, உரிமையாளர் யார்?
பதில் போட்டேன்:
பொருள், சைக்கிள் சம்பந்தப்பட்டது.
உரிமையாளரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச்சில் பனி கரைந்ததும் போய்ப் பார்த்தேன்.
குளிருக்கு நுரைப்பலகை போர்த்தி
ரோஜா நிறம் அடித்திருக்கிறார்கள் சுவருக்கு.
எழுத்தும் இல்லை, கறையும் இல்லை.
ஆனாலும்
என் சைக்கிளைக் கையில் பிடித்தபடியே
நின்றுகொண்டிருந்தேன்.