தரை காயும்வரை

பன்னிரண்டு ஆண்டு ஆகிறது.
குனிந்தால் இன்னும் என் நெற்றி
முழங்காலைத் தொடவில்லை.
இடையில் நான்கு விரற்கடை.
தொடங்கியபோது ஆறு இருந்தது.
இந்தக் கணக்கில் போனால்
எழுபத்திரண்டு வயதில் தொட்டுவிடலாம்.

சமூக மன்றத்தில் சேர்ந்த அன்று
இருபத்து மூன்று பேர்.
தீபாவளி முடிந்து பத்தொன்பது.
சீனப் புத்தாண்டுக்குப் பின் பதினொன்று.
இளைக்க வந்தவர்கள் இளைத்ததும் போனார்கள்,
இளைக்காதவர்கள் இளைக்கவில்லை என்று போனார்கள்.
கடைசியில் நானும் சியூ ஹூனும்,
ஆளுக்கு ஒரு மின்விசிறி.
சொல்லித்தந்த கோமளவல்லி
பெர்த்துக்குக் குடிபெயர்ந்தார்.
போகும்போது சொன்னதும் பெரிய வார்த்தை இல்லை:
"மறக்காம விளக்க அணைச்சிடுங்க."

முதல் இரண்டாண்டு ஆசை இழுத்துப் போனது.
அப்புறம் கொஞ்சம் பெருமை,
மின்தூக்கியில் நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு.
ஐந்தாம் ஆண்டு ஒரு விடிகாலை
மூச்சை எண்ணிக்கொண்டிருக்கையில்
எண்ணுகிறவள் காணாமல் போனாள்,
ஒரு கணம்.
அதையே திரும்பக் கேட்டு
இரண்டு வருடம் உட்கார்ந்தேன்,
என்றோ ஒருமுறை பரிசு விழுந்த
நாலு நம்பரை
வாராவாரம் எழுதிக்கொடுப்பவரைப் போல.

ஏழாம் ஆண்டில் ஒன்றும் நடக்கவில்லை.
எட்டாம் ஆண்டில் அதுகூட நடக்கவில்லை.
கண்ணை மூடினால்
மருத்துவமனைக் கட்டண முகப்பில்
கத்திவிட்டுப் போனவரின் உதடு,
பூரணியின் கணக்குத் தேர்வு,
சலவை இயந்திரத்தில் மறந்த துணி.
பிறகு மூச்சு.
பிறகு மறுபடியும் துணி.

அப்புறம் டெங்கி.
ஆறு நாள் படுக்கை, ஊசி, சத்துநீர்.
வீடு திரும்பியும் பாயைத் தொடவில்லை.
ஒரு நாள் விட்டால் உறுத்தல்.
நாலு நாள் விட்டால் வெட்கம்.
நாற்பத்தோராம் நாள் தேடிப்பார்த்தேன்,
உறுத்தலும் இல்லை வெட்கமும் இல்லை.
அன்றைக்குத்தான் பயந்தேன்.
கட்டிலடியில் குனிந்து பார்த்தால்
பாய்ச்சுருளுக்குள்
பல்லி இரண்டு முட்டை இட்டிருந்தது.
"உயிர் இருக்கு, கலைக்கக் கூடாது" என்றேன்.
செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து
மணிமொழியன் சிரித்த சத்தம் மட்டும் வந்தது.

எப்படித் திரும்பி வந்தாய் என்று
சியூ ஹூன் கேட்டாள்.
வைராக்கியம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.
நடந்தது இதுதான்:
ஒரு ஞாயிறு, வீடு முழுக்கத் துடைத்தேன்.
துடைத்துக்கொண்டே பின்னால் வந்து
சன்னலோரம் மாட்டிக்கொண்டேன்.
சுற்றிலும் ஈரம்.
கட்டிலடியைத் துடைக்க வெளியே எடுத்த பாய்
கைக்கெட்டும் தூரத்தில்.
(குஞ்சுகள் போய்விட்டிருந்தன,
இரண்டு வெள்ளை ஓடுகள் உதிர்ந்தன.)
தரை காயும்வரைதானே என்று விரித்தேன்.
குதிகால் பட்டுத் தேய்ந்த இரண்டு குழிகளும்
அங்கேயே இருந்தன.
என்னைக் கேட்காமல் கால்கள்
போய் நின்றுகொண்டன.
தரை எப்போது காய்ந்ததோ.

இப்போது மணி ஐந்தரை.
புக்கிட் பாஞ்சாங் முழுவதும் திட்டினாலும்
அந்தக் குயில் தொண்டையைக் குறைப்பதில்லை.
கீழ்வீட்டு ரொஹானா வெங்காயம் வதக்குகிறாள்,
என் மூச்சு அதையும் சேர்த்துத்தான் இழுக்கிறது.
மூன்றாம் மாடிச் சன்னலுக்கு நேராக
இலகு ரயில் வருகிறது.
வீடுகளின் அருகே வந்ததும்
அதன் கண்ணாடிகள் தாமாகவே
வெள்ளையாக மூடிக்கொள்கின்றன.
உள்ளே யார், எத்தனை பேர்,
தெரியாமலே கடந்துபோகிறது.

ஏழரைக்கு நானும் அதில்தான் வேலைக்குப் போவேன்.
ஊரெல்லாம் தெரியும்,
கார் நிறுத்தம், கோப்பிக் கடை,
பள்ளிப் பிள்ளைகளின் வரிசை.
சரியாக என் வீடு வரும்போது
கண்ணாடி மூடிக்கொள்ளும்.
அந்த வெண்மையைப் பார்த்தபடி நிற்பேன்.
அதற்கு அந்தப் பக்கம்
சுருட்டாமல் விட்டுவந்த பாய்.