மேற்படி

சம்மாந்துறை. அரிசி ஆலைக்கு எதிரே,
பார்மசிக்கு மேல்மாடி. இரவு பதினொன்றே கால்.
கீழே ஷட்டர் விழுந்தாயிற்று.
அவித்த நெல்லின் வாசம் மட்டும் படியேறி வருகிறது.

இன்று நான் படிப்பது ஓர் ஓட்டை.
எக்ஸ்.எம்.எல். வெளி என்டிட்டி என்று பேர்.
மூன்று தரம் வாசித்தும் விளங்கவில்லை.
நாலாம் தரம், ஏனோ,
வாப்பா வங்கியில் ஈடு வைத்த உறுதி கண்ணுக்குள் வந்தது:
மேற்படி காணி, மேற்படி எல்லை, மேற்படியார்.
ஒரு சொல்.
எங்கோ மேலே சொன்னதன் முழு உடம்பையும் சுமக்கிற சொல்.

அட, இதுதானா!

கோப்பின் தலையில் ஒரு பெயர் வைக்கிறாய்,
நடுவில் அந்தப் பெயரை எழுதுகிறாய்.
வாசிக்கிற பார்சர் பெயரை எடுத்துவிட்டுப் பொருளை வைக்கிறது.
இதுவரை குற்றமில்லை.

'மேற்படி என்றால் அலுமாரியில் பூட்டியிருக்கும் அந்தக் கோப்பு'
என்று அன்னியன் ஒருவன் எழுதினாலும்
பார்சர் எழும்பிப் போகும்.
ஆர் நீ என்று கேளாது.
சாவி அதன் இடுப்பில்தான்.
திறந்து, எடுத்து,
சொல் இருந்த இடத்தில் விரித்துவிட்டு
வந்து உட்காரும்.

கச்சேரியில் இப்படியொரு பியோனை நான் கண்டதில்லை.
அங்கே அலுமாரி திறக்க மூன்று கையொப்பம்,
ஒரு திங்கட்கிழமை.
அந்தத் தாமதத்தின் மேல் முதன்முதலாக மரியாதை வந்தது.

பழகுவதற்கென்றே கட்டிய பொய்க் கடை
லேப்டாப்புக்குள் ஓடுகிறது.
பொருள் எண் கேட்ட இடத்தில் என் சொல்லை வைத்து
அனுப்பினேன்.
'பிழையான பொருள் எண்' என்று வந்தது.
அதற்குப் பின்னால், வரிசையாக,
அந்த இயந்திரத்தின் ஆட்கள் அத்தனை பேரும்,
ரூட் முதலாவதாக.
பிழைச் செய்தி ஒன்று இவ்வளவு உண்மை பேசி நான் பார்த்ததேயில்லை.
தனியே சிரித்தேன். கதிரை சுவரில் இடித்தது.

தேத்தண்ணி ஊற்றும்போதுதான்
கை நின்றது.

எதிர் ஆலை.
போன பெரும்போகத்துக்கு
நிறைச்சீட்டு பதிகிற செயலியை எழுதியது நான்.
வட்டையிலிருந்து முல்லைக்காரரின் போன்
மூட்டைக் கணக்கை அனுப்பும்,
எக்ஸ்.எம்.எல். ஆக.
அதே இயந்திரத்தில்
அறுநூற்றுச் சொச்சம் பேரின் அடையாள அட்டை எண்,
வங்கிக் கணக்கு,
ஆர் விதைநெல்லுக்குக் கடன்பட்டார், ஆர் இன்னும் கட்டவில்லை.

என் நிரலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன்.
பிழையான வரி ஒன்றுமில்லை.
எழுதாமல் விட்ட வரி ஒன்று இருந்தது.
பழைய லைப்ரரி, கதவைத் திறந்தபடியே தந்திருக்கிறது.
நான் நிலைக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன்.

ஒன்று நாற்பதுக்கு அந்த வரியை எழுதினேன்:
வெளியிலிருந்து எதையும் கொண்டுவராதே.
என் கள்ளக் கோப்பை நானே அனுப்பிப் பார்த்தேன்.
மறுத்தது. நல்ல பிள்ளை.
பதிவுகளைப் புரட்டினேன்.
முப்பது நாள் மட்டும் இருந்தது, சுத்தமாக.
அதற்கு முந்திய மாதங்களைச்
செலவு குறையட்டும் என்று அழித்துக்கொண்டிருந்ததும்
நான்தான்.

தஸ்லீம் காக்காவுக்கு எழுத வேண்டும்.
'மேற்படி விடயம் தொடர்பாக'
என்று கை தானாகத் தொடங்கியது.
அழித்தேன்.
'உங்கள் வயற்காரரின் கணக்குக்கு
நான் ஐந்து மாதம் கதவு வைக்கவில்லை.
ஆரும் வந்தார்களா தெரியாது.
தெரிந்துகொள்ள வழியும் வைக்கவில்லை.
பர்ஹானா.'

இன்னும் அனுப்பவில்லை.
சுபஹு தொழாமல் அவர் போனைத் தொடமாட்டார்.
தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது.