பதினேழாம் பக்கத்துக் கீறல்

லினோலியம் குளிரில் முறுக்கிக்கொள்ளும்.
பழைய நாளிதழை மேலே போட்டு
இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய் தேய்த்தால்
வழிக்கு வரும்.
மார்கழியில் செவ்வாய்ப்பேட்டையிலும் அப்படித்தான்.

பகலில் அந்த மாடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்கள்.
ஏழு மணிக்கு மேல் இயந்திரம் எனக்கு,
மணிக்கு நூறு ரூபாய், கரண்டு தனி.

கதை சின்னது.
வெள்ளைக்கல் சுரங்கத்தை ஒட்டி மேயும் கருப்பாடு
தூசி படிந்து படிந்து வெளுத்துப்போகிறது.
பெற்ற ஆட்டுக்கே அடையாளம் தெரியவில்லை.
முப்பதாம் பக்கத்தில் மழை.

என் வேலையில் வெட்டினால் வெள்ளை,
விட்டால் கருப்பு.
ஒரே மை. உச்சிவெயில் வானமும் கருப்புதான்.
இருபத்தொன்பது பக்கம் ஆட்டைச் சுரண்டினேன்.
மலையையும் சுரண்டினேன்,
அங்கே ஏற்கெனவே சுரண்டுகிறவர்களைப் போல,
கூலிக்கு.
முப்பதில் மட்டும் ஆட்டைத் தொடவில்லை.

எல்லாம் இடவலம் மாறி விழும்.
லாரி நெற்றியில் 'சேலம்' எழுத
அரைமணி நேரம் கண்ணாடியும் கையுமாக.
கொம்பு பின்னால் போக வேண்டும் என்பதை
விரல் நம்ப மறுத்து ஒரு பலகை வீண்.

தமயந்தி சென்னையிலிருந்து பேசினாள்.
"ஆட்டுக்குக் கொஞ்சம் சிரிப்பு வைங்களேன்."
ஆடு சிரித்து நான் பார்த்ததில்லை என்றேன்.
"குழந்தைங்களுக்குப் பிடிக்கும்."
முன்பணம் ஒன்பதாயிரம்.
வாயோரக் கோட்டை
ஓர் அரிசி அளவு மேலே வளைத்தேன்.

பதினேழில் உளி வழுக்கியது.
இடது கட்டைவிரலில் கொஞ்சம்,
வானத்தில் நிறைய:
மேல்மூலையில் தொடங்கி ஆட்டின் கொம்புவரை
ஒரு வெள்ளைக் கோடு.
வெட்டியதை ஒட்ட வழியில்லை.
அப்படியே அடித்தேன்.

செட்டிச்சாவடிப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பக்கம் வந்ததும்
ஒருத்தி, பட்டம் அறுந்த நூல் என்றாள்.
நத்தை போன தடம் என்றான் ஒருவன்.
வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த பூவரசன்
நிமிராமலே சொன்னான்:
"வெடி வெச்சிருக்காங்க. கல்லு பறக்குது."
பிறகு பதினாறுக்குத் திருப்பினான், பதினைந்துக்குத் திருப்பினான்.
"மொதல்ல சங்கு ஊதுவாங்கல்ல?
எங்க காணோம்?"

பள்ளிக்கூட மணி அடித்தது நல்லதாயிற்று.

இரண்டாம் பதிப்பு, ஐந்நூறு படி.
பதினாறாம் பலகையை எடுத்துச் சூடு காட்டினேன்.
சத்தத்தை எங்கே வெட்டுவது?
மைக்கறையோடு டீ குடித்தேன்,
எதிர் மாடியில் யாரோ மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தொங்கும் காதின் கருங்கோட்டைச் சீவி ஊதினேன்.
தலைக்கு மேல் வானத்தில்
மாங்கொழுந்து போல இரண்டு வெட்டு.
காது விறைத்து நின்றது.

அந்தக் கையோடு
சிரிப்பையும் வழித்தேன்.
தமயந்தி கேட்டால்
பலகை தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பதினேழில் கை வைக்கவில்லை.