இருபத்திரண்டு கிலோ

ஐந்து ரோட்டுப் பாலத்தருகே
குபேந்திரன் கடையின் பின்னறை.
மேசைமேல் இரண்டு பெட்டிகள்.
ஒன்று, பெங்களூர்க் கம்பெனியொன்று
ஏழு வருஷம் ஓட்டிக் கழித்துக்கட்டியது.
இரட்டை ப்ராசஸர், நூற்றிருபத்தெட்டு ஜிபி மெமரி,
பக்கவாட்டில் யாரோ ஒட்டிய பிள்ளையார் கிழிந்து
தும்பிக்கை மட்டும் மிச்சம்.
மற்றது போன மாதம் வந்தது,
செருப்புப் பெட்டி அளவு.
மேலிருந்த பிளாஸ்டிக் தாள்கூட அப்படியே.
"வாங்கறவங்கதான் உரிக்கணும் மேடம்."

கடைக்காரர் ஓட்டிக் காட்டும் மாதிரிப் படங்களை
நான் நம்புவதில்லை.
எங்கள் ஆபீசின் மோசமான வேலைகளையெல்லாம்
பென் டிரைவில் கட்டிக்கொண்டு போயிருந்தேன்:
ஆத்தூர் ஜவ்வரிசி ஆலையின் கூரை, போல்ட் நாலாயிரத்தோடு;
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக்கு ஒன்பது அச்சு;
ஷகிலா மூன்று கேமராவில் பிடித்த கல்யாணம்;
குணவதியின் ஜிஎஸ்டி கணக்கு.

புதியது கூரையைத் திறந்தது,
நான் கண்ணாடியை மாட்டுவதற்குள்.
கல்யாணத்தைப் பதினோரு நிமிஷத்தில் முடித்தது.
பழையதற்கு நாற்பது.
ஷகிலா என்னைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னேன்.
நாலாவது ஜன்னலில் புதியதற்கு மூச்சு வாங்கியது.
மணப்பெண்ணின் மூக்கின்மேல்
மவுஸ் அம்பு குத்தி நின்றுவிட்டது.
"மெமரி சேக்க முடியுமா?"
"போர்டோட ஒட்டிட்டாங்க மேடம்."
பழையதோ ஏற்காட்டு லாரி.
இருபது கொண்டை ஊசி வளைவும்
முதல் கியரில்தான்,
ஆனால் எங்கும் நிற்கவில்லை.

"சத்தத்தக் கேட்டியா?" என்றாள் ஷகிலா.
"சித்திரை மாசம் இதும்பக்கத்துல யாரு உக்காருவா?
கரண்ட் பில்லு நீ கட்டுவியா?"
அவள் சொன்னதில் பொய்யில்லை.
வாங்காமல் திரும்பினோம்.
வழியில் தட்டுவடை செட் தின்றோம், பேசாமல்.

ஒரு வாரம்
போன வருஷ டைரியின் வெற்றுப் பக்கங்களில்
நிமிஷங்களை எழுதினேன்.
கம்ப்யூட்டருக்காக நாங்கள் காத்தது ஒரு பத்தி,
எங்களுக்காக அது காத்தது ஒரு பத்தி.
"கூரைய அரையடி தூக்குங்க" என்று ஒரு போன்,
"வேண்டாம், இறக்குங்க" என்று மறு போன்,
டீ, மின்வெட்டு, குணவதி தொலைத்த பில்.
சனிக்கிழமை கூட்டிப் பார்த்தால்
ஒரு நாளைக்கு நாங்கள் காத்தது ஐம்பது நிமிஷம்,
அது காத்தது ஐந்து மணி நேரம்.

வென்றுவிட்டதாக நீட்டினேன்.
ஷகிலா பொறுமையாக விரல் வைத்து எண்ணினாள்.
"அம்பதுல நாப்பத்தொண்ணு என்னோடது.
உனக்கு ஒம்போது நிமிஷம்.
அப்ப புதுசு யாருக்கு வேணும்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.

மறுபடி குபேந்திரன்.
பழையதின் வயிற்றைத் திறக்கச் சொன்னேன்;
உள்ளே காலியாக ஒரு ஸ்லாட், தூசியோடு.
யாரோ விற்றுவிட்டுப்போன கிராபிக்ஸ் கார்டைச் செருகினார்.
கல்யாணம் பதின்மூன்று நிமிஷத்தில் இறங்கியது.
கார்டோடு சேர்த்தும் புதியதைவிட
முப்பத்தோராயிரம் குறைவு.
அதில் ஷகிலாவுக்கு நல்ல நாற்காலி ஒன்று,
சுவரில் துளை போட்டுப் பெட்டியைப்
படிக்கட்டுக்கடியில் தள்ள நீள ஒயர்கள்,
வீட்டுக்காரர் கத்தினால் நான்தான் பேச வேண்டும்
என்பது அவள் நிபந்தனை.

"போர்டு போனா வேற போர்டு கிடைக்குமா?"
"கிடைக்கும் மேடம்" என்றார் குபேந்திரன்.
பில்லைக் கிழித்துக் கொடுத்தபின் சேர்த்துக்கொண்டார்:
"இப்போதைக்கு."

ஆட்டோவில் அதை ஏற்ற
மூன்று பேர் வேண்டியிருந்தது.
நாலு ரோடு சிக்னலில்
டிரைவர் திரும்பிப் பார்த்தார்.
"கிரைண்டராக்கா?"
ஷகிலா முந்திக்கொண்டாள்:
"ஆமாண்ணே. ரெண்டு கல்லு.
சத்தம்தான் கொஞ்சம்."