ஏழரை

அறுபது உறைகள் முத்திரையோடு வந்தன.
முப்பதில் துத்தி இலைப் பொடி.
முப்பதில் அதே பச்சையில் வேறு ஏதோ.
எதில் எது,
டாக்டர் மெஹருன்னிசாவுக்கும் தெரியாது,
எண் ஒட்டிய எனக்கும் தெரியாது.

நீடாமங்கலம் ஆஸ்பத்திரி, சித்தா பிரிவு, கடைசி அறை.
இரத்தம் உண்டா? எத்தனை சொட்டு?
எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தே பதில் சொன்னார்கள்.
மன்னார்குடி பஸ் டிரைவர் வாஞ்சிநாதன்
நாற்காலியைத் தொடவே இல்லை.
வலி பத்துக்கு எத்தனை என்றேன்.
"ரயில்வே கேட் போட்டா ஒம்பது,
தொறந்தா ஆறு."
கட்டத்தில் ஓர் எண்ணுக்குத்தான் இடம்.
கூட்டி வகுத்து ஏழரை என்று எழுதினேன்.
"அதாங்க பிடிச்சிருக்கு" என்றார்.

வெண்ணாற்றில் தண்ணீர் வந்ததும்
பதினேழு பேர் வரவில்லை.
குறுவை நடவு.
தையல்நாயகி போனில் சொன்னாள்:
"நின்னுச்சா இல்லையான்னு பாக்க எங்கக்கா நேரம்,
நாள் பூரா சேத்துல குனிஞ்சு கெடக்கேன்."
ஆறியதால் வராதவர்,
ஆறாததால் வராதவர்,
காலிக் கட்டம் இருவருக்கும் ஒரே வெள்ளை.

எட்டாம் வாரம் உறை பிரித்தோம்.
இலை தின்றவர்களில் பதின்மூன்று பேருக்கு நின்றிருந்தது.
மற்றவர்களில் பன்னிரண்டு.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

வாஞ்சிநாதன் மற்றவர்களில் ஒருவர்.
"ஒங்க பொடி என்ன பண்ணுச்சோ தெரியாதும்மா.
கேட் போட்டா எறங்கி
தண்டவாளத்தோரம் துத்தி பறிப்பேன்.
சின்ன வெங்காயம், வெளக்கெண்ணெய், ஒரு வதக்கு.
கண்டக்டர் சொன்னாரு."
ஒவ்வொருவராய் போன் போட்டேன்.
இன்னும் எட்டு பேர்.
வாய்க்கால் கரை, களத்து மேடு,
ஒருவர் நம் ஆஸ்பத்திரி கக்கூஸுக்குப் பின்னாலேயே.

கொடுக்காத இடமெல்லாம் முளைத்துக் கிடக்கிற மருந்தை
கொடுக்காமல் வைத்திருப்பது எப்படி?
விளக்கெண்ணெய்க்கு எத்தனை மதிப்பெண்,
வெங்காயத்துக்கு எத்தனை?
அறிக்கைப் படிவத்தில் கடைசிக் கேள்வி,
'தரவின் மூலம்:'
இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்துவிட்டோம்.
பிறகு அவர் சொல்ல நான் எழுதினேன்:
இந்த ஆய்விலிருந்து முடிவு சொல்ல இயலாது.
'இப்போதைக்கு' என்று சேர்க்கட்டுமா என்றேன்.
வேண்டாம் என்றார்.

வீடு திரும்பும்போது கேட் போட்டிருந்தது.
நெல் மூட்டையோடு சரக்கு ரயில்.
அந்தப் பக்கம், வேகன் இடுக்குகளில்
விட்டுவிட்டுத் தெரிந்தது மன்னார்குடி பஸ்.
வாஞ்சிநாதன் சீட்டில்தான் இருந்தார்.
எத்தனை என்று கையசைத்துக் கேட்டேன்.
விரல்களைத் தூக்கிக் காட்டினார்,
இரண்டா, நான்கா,
அதற்குள் அடுத்த வேகன்.